குவாதலூப்: இரண்டு முறை விடுதலை பெற்ற தீவு

கரீபியன் கடலின் கிழக்கு ஓரத்தில் வில் போல வளைந்து கிடக்கும் சிறு தீவுகளின் வரிசையில், சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல ஒரு தீவு இருக்கிறது. அதன் பெயர் குவாதலூப். பாரிஸ் நகரிலிருந்து விமானத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் பறந்தால்தான் இங்கே வர முடியும். ஆனாலும் இது பிரான்சு நாட்டின் ஒரு பகுதி. இங்கே செலவாவது யூரோ நாணயம், பறப்பது பிரெஞ்சுக் கொடி, பள்ளியில் கற்பது பிரெஞ்சு மொழி. வீட்டிலும் தெருவிலும் பேசுவது மட்டும் கிரியோல்.

மொத்தப் பரப்பளவு சுமார் 1,630 சதுர கி.மீ. மக்கள் தொகை நான்கு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வண்ணத்துப்பூச்சியின் மேற்குச் சிறகு பாஸ்-தேர், கிழக்குச் சிறகு கிராந்த்-தேர். இரண்டுக்கும் நடுவில் உப்பாறு என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு குறுகிய கடல் கால்வாய் ஓடுகிறது. பெயர்களில் ஒரு வேடிக்கை உண்டு. பாஸ்-தேர் என்றால் தாழ்ந்த நிலம், ஆனால் அதில்தான் எரிமலை இருக்கிறது. கிராந்த்-தேர் என்றால் பெரிய நிலம், ஆனால் இரண்டில் சிறியது அதுதான். கப்பலோட்டிகள் காற்று வீசும் திசையை வைத்துச் சொன்ன பேச்சில் 'தாழ்ந்த' என்பது காற்று மறைவான பக்கத்தைக் குறித்தது. மரி-கலாந்த், லே சாந்த், லா தெசிராத் ஆகிய சிறு தீவுகளும் குவாதலூப்பைச் சேர்ந்தவையே.

உலக வரலாற்றில் அடிமைத்தனம் ஒழிக்கப்பட்ட நாடுகள் பல. ஆனால் ஒழிக்கப்பட்ட அடிமைத்தனத்தை அரசே துப்பாக்கியோடு வந்து திரும்பவும் நிலைநாட்டிய இடங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று குவாதலூப். அதனால்தான் இந்தத் தீவு இரண்டு முறை விடுதலை பெற வேண்டி வந்தது.

கொலம்பஸ் வைத்த பெயர்

பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன் இங்கே வாழ்ந்தவர்கள் காலினாகோ மக்கள். ஐரோப்பியர் இவர்களைக் கரீபியர் என்று அழைத்தனர். இவர்கள் தீவுக்கு வைத்திருந்த பெயர் கருகெரா. அழகிய நீர் நிறைந்த தீவு என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். மலையிலிருந்து விழும் அருவிகளைப் பார்த்தால் பெயர் பொருத்தம் என்றே தோன்றும்.

1493-ம் ஆண்டு நவம்பர் மாதம், தனது இரண்டாவது பயணத்தில் கொலம்பஸ் இங்கே வந்து சேர்ந்தார். ஸ்பெயின் நாட்டில் உள்ள குவாதலுப்பே மடாலயத்து மாதாவின் பெயரைத் தீவுக்கு வைத்தார். மரி-கலாந்த் என்பது அவருடைய கப்பலின் பெயர். ஐரோப்பியர் அன்னாசிப் பழத்தை முதன்முதலில் சுவைத்ததும் இந்தத் தீவில்தான் என்று சொல்லப்படுகிறது.

பொன் கிடைக்காத தீவு என்பதால் ஸ்பானியர்கள் இதில் அதிக அக்கறை காட்டவில்லை. 1635-ம் ஆண்டு லியெனார் தெ லொலிவ், துய் பிளெஸ்ஸி என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வணிகக் கம்பெனியின் சார்பில் குடியேறினர். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் காலினாகோ மக்களோடு போர். 1660-ல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி அம்மக்களுக்கு தொமினிக்கா, செயின்ட் வின்சென்ட் ஆகிய இரு தீவுகள் மட்டும் விடப்பட்டன. கருகெராவின் சொந்த மக்கள் கருகெராவில் இல்லாமல் போனார்கள்.

கரும்பு வந்தது, அடிமைகள் வந்தார்கள்

ஆரம்பத்தில் குடியேறியவர்கள் பயிரிட்டது புகையிலை. பிறகு 1650-களில் பிரேசிலிலிருந்து துரத்தப்பட்ட டச்சுக்காரர்கள் சிலர் வந்து சர்க்கரை காய்ச்சும் தொழில்நுட்பத்தைக் கற்றுக் கொடுத்தனர். தீவின் தலையெழுத்தே மாறியது.

கரும்புக்கு ஒரு குணம் உண்டு. வெட்டிய கரும்பை உடனே ஆலையில் பிழிந்தாக வேண்டும், தாமதித்தால் சாறு கெட்டுவிடும். அதனால் அறுவடைக் காலத்தில் இரவு பகலாக வேலை நடக்க வேண்டும். அதற்கு ஏராளமான ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களை ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்களில் ஏற்றி வந்தார்கள். 1685-ல் பதினான்காம் லூயி மன்னன் பிறப்பித்த 'கறுப்புச் சட்டம்' அடிமைகளை அசையும் சொத்து என்று வரையறுத்தது. மேசை, நாற்காலி, மாடு போல மனிதரும் ஒரு சொத்து. எஜமான் இறந்தால் வாரிசுகளுக்குப் பங்கு பிரிக்கலாம். தப்பி ஓடினால் காதை அறுக்கலாம், சூடு போடலாம், மூன்றாவது முறை ஓடினால் மரண தண்டனை. பிரெஞ்சுப் புரட்சி நடந்த சமயத்தில் குவாதலூப்பில் சுமார் 90,000 அடிமைகள் இருந்தனர். தீவில் இருந்த பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் அடிமைகள்.

சர்க்கரை அன்று எவ்வளவு மதிப்புள்ள பண்டம் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும். ஏழாண்டுப் போரின் நடுவே 1759-ல் ஆங்கிலேயர்கள் குவாதலூப்பைக் கைப்பற்றினர். கனடாவும் அவர்கள் கைக்குப் போனது. போர் முடிந்து சமாதானம் பேசும்போது எதைத் திருப்பிக் கொடுப்பது, எதை வைத்துக் கொள்வது என்று இலண்டனில் பெரிய விவாதமே நடந்தது. 1763-ல் கையெழுத்தான பாரிஸ் ஒப்பந்தத்தில் பிரான்சு கனடாவை விட்டுக் கொடுத்து, குவாதலூப்பையும் மார்த்தினிக்கையும் திரும்பப் பெற்றுக் கொண்டது. உலகின் மிகப் பெரிய நாடுகளில் ஒன்று தராசின் ஒரு தட்டில், கையளவு சர்க்கரைத் தீவுகள் மறு தட்டில். அன்றைய வணிகக் கணக்கில் தீவுகள் இருந்த தட்டுதான் தாழ்ந்தது.

முதல் விடுதலை - 1794

1794-ம் ஆண்டு பிப்ரவரி 4 அன்று பிரெஞ்சுப் புரட்சி அரசு தன் காலனிகள் அனைத்திலும் அடிமைத்தனத்தை ஒழித்தது. ஆனால் குவாதலூப்பின் பண்ணையார்கள் ஆங்கிலேயரை வரவேற்றுக் கொண்டிருந்தனர். அதே ஆண்டு ஜூனில் விக்தோர் உய்க் என்ற அதிகாரி சுமார் ஆயிரம் வீரர்களோடு வந்து இறங்கினார். அவர் கப்பலில் விடுதலை ஆணையும் இருந்தது, கில்லட்டினும் இருந்தது. விடுதலை பெற்ற அடிமைகள் அவருடைய படையில் சேர்ந்து போரிட, ஆண்டு முடிவதற்குள் ஆங்கிலேயர் வெளியேற்றப்பட்டனர். பண்ணையார்கள் பலர் கொல்லப்பட்டனர், பலர் ஓடினர்.

ஆனால் இந்த விடுதலை முழுமையானது அல்ல. சர்க்கரை ஏற்றுமதி நின்றுவிடக் கூடாது என்பதால், விடுதலை பெற்றவர்கள் பழைய தோட்டத்திலேயே வேலை செய்ய வேண்டும் என்று உய்க் கட்டாயப்படுத்தினார். இருந்தாலும் ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. நேற்று வரை சொத்தாக இருந்தவன் இன்று சீருடை அணிந்து துப்பாக்கி ஏந்தினான். சிலர் அதிகாரிகளாகவும் ஆனார்கள். எட்டு ஆண்டுகள் சுதந்திரமாக மூச்சு விட்ட மக்களைத் திரும்பவும் சங்கிலியில் கட்டுவது எளிதல்ல.

1802 மே மாதம்

நெப்போலியன் ஆட்சிக்கு வந்ததும் காற்று திசை மாறியது. சர்க்கரை வணிகர்களும் பண்ணையார்களும் பழைய ஒழுங்கை எதிர்பார்த்தனர். 1802 மே மாதம் தளபதி ரிஷ்பான்ஸ் சுமார் 3,500 வீரர்களுடன் குவாதலூப்பில் இறங்கினார். இறங்கியதும் அவர் செய்த முதல் வேலை கறுப்பின வீரர்களின் ஆயுதங்களைப் பறித்தது. என்ன நடக்கப் போகிறது என்பது பலருக்கும் விளங்கிவிட்டது.

லூயி தெல்கிரெஸ் என்ற படை அதிகாரி எதிர்த்து நின்றார். மார்த்தினிக்கில் பிறந்த கலப்பினத்தவர். பிரெஞ்சுக் குடியரசுக்காக ஆங்கிலேயருடன் பல களங்களில் போரிட்டவர். மே 10 அன்று அவர் உலகம் முழுவதையும் விளித்து ஓர் அறிக்கை வெளியிட்டார். கொடுமையை எதிர்ப்பது மனிதனின் இயல்பான உரிமை என்பது அதன் சாரம். பாஸ்-தேர் நகரின் கோட்டையில் இருந்து அவருடைய படை பத்து நாட்களுக்கு மேல் போரிட்டது. கோட்டையைக் காக்க முடியாத நிலையில் இரண்டு பிரிவாக வெளியேறினர். இஞ்ஞாஸ் என்பவரின் தலைமையில் சென்ற பிரிவு மே 25 அன்று பவான்-தா-பித்ர் அருகே அழிக்கப்பட்டது. தெல்கிரெஸ் எரிமலைச் சரிவில் உள்ள மதூபாவுக்கு ஏறிச் சென்றார்.

மே 28. நெப்போலியனின் வீரர்கள் மதூபாவில் இருந்த பண்ணை வீட்டைச் சூழ்ந்தனர். உள்ளே சுமார் 300 பேர். ஆண்களோடு பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். தப்பிக்க வழியில்லை, சரணடைந்தால் மீண்டும் அடிமை வாழ்வு. எதிரிகள் நெருங்கி வந்ததும் வெடிமருந்துக்குத் தீ வைத்தனர். அடிமையாக வாழ்வதைவிட மடிவதே மேல் என்று முடிவெடுத்தவர்களோடு, சூழ்ந்திருந்த வீரர்கள் சிலரும் சேர்ந்து மாண்டனர்.

அந்தப் போராட்டத்தில் கலந்து கொண்ட சொலித்யூத் என்ற பெண் பிடிபட்டார். அவர் அப்போது கர்ப்பிணி. பிறக்கப் போகும் குழந்தை ஒரு பண்ணையாருக்குச் சேர வேண்டிய சொத்து. அதனால் குழந்தை பிறக்கும் வரை தண்டனையைத் தள்ளி வைத்தார்கள். 1802 நவம்பர் 29 அன்று, பிரசவம் முடிந்த மறுநாளே, அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கணக்கில் பிசகாத கொடுமை என்றால் இதுதான்.

அந்த ஆண்டே அடிமைத்தனம் திரும்ப வந்தது. வெற்றி பெற்ற ரிஷ்பான்ஸ் அதைக் கொண்டாட அதிக நாள் இருக்கவில்லை. செப்டம்பரிலேயே மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். பக்கத்து ஹெய்ட்டி போரிட்டு 1804-ல் தனி நாடானது. குவாதலூப் மேலும் 46 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இரண்டாம் விடுதலை - 1848

விக்தோர் ஷெல்ஷர் என்ற சீர்திருத்தவாதியின் இடைவிடாத முயற்சியால் 1848 ஏப்ரல் 27 அன்று பிரான்சு அடிமைத்தனத்தை இரண்டாவது முறையாக ஒழித்தது. குவாதலூப்பில் அது மே 27 அன்று அறிவிக்கப்பட்டது. சுமார் 87,000 பேர் விடுதலை பெற்றனர்.

அடுத்த ஆண்டே நஷ்டஈடும் வழங்கச் சட்டம் வந்தது. யாருக்கு? சம்பளமின்றி உழைத்தவர்களுக்கு அல்ல, 'சொத்தை' இழந்த எஜமானர்களுக்கு. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசும் இல்லை, ஒரு துண்டு நிலமும் இல்லை.

இன்றும் மே 27 குவாதலூப்பில் விடுமுறை நாள். அதற்கு மறுநாள் மதூபா நினைவு நாள். வெற்றியும் தோல்வியும் அடுத்தடுத்த தேதிகளில் நிற்கின்றன.

புதுச்சேரி, காரைக்காலிலிருந்து வந்தவர்கள்

விடுதலை பெற்றவர்கள் பழைய தோட்டங்களில் அதே அடிமட்டக் கூலிக்கு உழைக்க விரும்பவில்லை. பண்ணையார்கள் வேறு ஆட்களைத் தேடினார்கள். அப்போது பிரான்சின் கையில் இருந்த புதுச்சேரியும் காரைக்காலும் அவர்கள் கண்ணில் பட்டன.

1854 டிசம்பர் 24 அன்று ஒரேலி என்ற கப்பல் முதல் இந்தியத் தொழிலாளர்களோடு பவான்-தா-பித்ர் துறைமுகத்தை அடைந்தது. 1861-ல் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் சேர்த்தனர். 1889 வரை சுமார் 42,000 இந்தியர்கள் வந்தனர். அவர்களில் தமிழர்கள் கணிசமானவர்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம், முடிந்ததும் ஊருக்குத் திரும்பலாம் என்பது பேச்சு. நோயிலும் கடும் உழைப்பிலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். ஊர் திரும்பியவர்கள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள் அந்த மண்ணிலேயே பிறந்தார்கள். ஆனாலும் அவர்களுக்கு ஓட்டுரிமை இல்லை. பிரிட்டிஷ் குடிகளா, பிரெஞ்சுக் குடிகளா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 1863-ல் கப்பெஸ்தேர் என்ற ஊரில் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904-ல் இந்தியர்களின் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்க முயன்றார். நிர்வாகம் மறுத்தது. அவர் விடவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போராடி, 1923-ல் அவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்கச் செய்தார். பிற்காலத்தில் எர்னஸ்ட் முத்துசாமி பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் குவாதலூப்பின் பிரதிநிதியாக அமர்ந்தார் என்றால் அதற்கு வித்திட்டவர் சிதம்பரம்.

தமிழ்ப் பேச்சு மொழி மறைந்துவிட்டது. ஆனால் கோயில் சடங்கில் தமிழ்ச் சொற்கள் இன்னும் ஒலிக்கின்றன. மாரியம்மன் அங்கே 'மாலியேமின்' ஆகிவிட்டாள். இந்தியர்கள் கொண்டு வந்த மசாலாவில் செய்யும் 'கொலம்போ' என்ற குழம்பு இன்று தீவின் எல்லா வீடுகளிலும் கொதிக்கிறது. பெண்கள் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணியின் பெயர் 'மத்ராஸ்'. இந்தத் துணி மட்டும் தொழிலாளர்கள் வருவதற்கு முன்பே வணிகக் கப்பல்களில் வந்து சேர்ந்தது.

காலனி போய் மாவட்டம் வந்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவின் பீட்ரூட் சர்க்கரை சந்தையை நிரப்பியது. விலை வீழ்ந்தது. ஒரே பயிரை நம்பிய தீவு தடுமாறியது. 1928 செப்டம்பரில் வீசிய பெரும் புயல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. அதன் பிறகு வாழை முக்கியப் பயிராக வளர்ந்தது.

1946 மார்ச் 19 அன்று குவாதலூப் பிரான்சின் கடல்கடந்த மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. சட்டத்தில் சமம் வந்தது, கூலியில் வரவில்லை. 1967 மே 26, 27 தேதிகளில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய கட்டிடத் தொழிலாளர்கள் மீதும் பொதுமக்கள் மீதும் பவான்-தா-பித்ரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அன்று அரசு சொன்ன கணக்கு எட்டுப் பேர். பின்னாளில் 1985-ல் ஓர் அமைச்சர் சொன்ன கணக்கு 87 பேர். இறந்தவர்களின் எண்ணிக்கை இன்றும் தீராத சர்ச்சை.

2009-ல் விலைவாசியை எதிர்த்து 44 நாட்கள் பொது வேலைநிறுத்தம் நடந்தது. குறைந்த சம்பளக்காரர்களுக்கு மாதம் 200 யூரோ உயர்வு என்ற கோரிக்கை ஏற்கப்பட்டது. ஆனாலும் பெரும்பாலான பொருட்கள் கப்பலில் வருவதால் உணவுப் பொருட்களின் விலை இன்றும் பிரான்சை விட மிக அதிகம்.

இதைவிடப் பெரிய வேதனை மண்ணில் இருக்கிறது. வாழையைத் தாக்கும் கூன்வண்டை ஒழிக்க 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்ற பூச்சிக்கொல்லியைத் தோட்டங்களில் தூவினார்கள். பிரான்சில் 1990-லேயே தடை வந்துவிட்டது. இங்கும் மார்த்தினிக்கிலும் மட்டும் 1993 வரை அனுமதி நீட்டிக்கப்பட்டது. அந்த நஞ்சு மண்ணை விட்டுப் போக நூற்றாண்டுகள் ஆகலாம். இரு தீவுகளிலும் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் அது கலந்திருக்கிறது. 2023 ஜனவரியில் இது தொடர்பான குற்ற வழக்கை நீதிபதிகள் முடித்து வைத்தனர், யார் மீதும் விசாரணை இல்லை. பயிர் மாறினாலும் கணக்கு மாறவில்லை என்று தீவு மக்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

பார்க்க வேண்டிய இடங்கள்

லா சூஃப்ரியேர்: 1,467 மீட்டர் உயரமுள்ள உயிருள்ள எரிமலை. சிறிய அண்டிலிஸ் தீவுகளிலேயே மிக உயரமான சிகரம். 1976-ல் இது சீறியபோது 70,000-க்கும் அதிகமானோர் வெளியேற்றப்பட்டனர். உச்சியில் கந்தக வாடை மூக்கைத் துளைக்கும். 

கார்பே அருவிகள்: மழைக்காட்டின் நடுவே மூன்று நிலைகளாக விழும் அருவி. இரண்டாவது அருவியின் உயரம் 110 மீட்டர். இந்தப் பகுதி 1989-ல் தேசியப் பூங்கா ஆனது.

தெல்கிரெஸ் கோட்டை: பாஸ்-தேர் நகரில் உள்ளது. விந்தை என்னவென்றால் தெல்கிரெஸைத் தோற்கடித்த ரிஷ்பான்ஸின் பெயரைத்தான் இந்தக் கோட்டை நெடுங்காலம் தாங்கி நின்றது. 1989-ல்தான் தெல்கிரெஸின் பெயர் சூட்டப்பட்டது. இங்கிருந்து மேலே ஏறினால் மதூபா.

மெமோரியல் ஆக்ட்: பவான்-தா-பித்ர் துறைமுகத்தில் 2015-ல் திறக்கப்பட்ட அடிமை வரலாற்று அருங்காட்சியகம். பழைய தார்புசியே சர்க்கரை ஆலை இருந்த இடத்திலேயே கட்டியிருக்கிறார்கள்.

ஷாங்ஜி கோயில்: கப்பெஸ்தேர் ஊரில் சாலையோரம் வண்ணச் சிலைகளோடு நிற்கும் இந்துக் கோயில். தமிழ்நாட்டுக் கிராமத்துக் கோபுரம் ஒன்று வாழைத்தோட்டத்துக்கு நடுவே முளைத்தது போல இருக்கும்.

கடற்கரைகள்: கிராந்த்-தேரில் உள்ள சாந்த்-ஆன் வெண்மணல் கடற்கரையும், கிழக்கு முனையில் பாறைகள் நிறைந்த பவான்த் தே ஷாத்தோவும் புகழ் பெற்றவை. பாஸ்-தேரின் மேற்குக் கரையில் மலந்தூருக்கு எதிரே உள்ள புறாத் தீவுகளில் பவளப்பாறைகளைப் பார்க்க முக்குளிப்போர் வருகிறார்கள்.

சிறு தீவுகள்: மரி-கலாந்த் தீவில் பழைய காற்றாலைகளும் ரம் ஆலைகளும் உண்டு. லே சாந்த் தீவின் விரிகுடா மிக அழகானது. அதன் அருகேதான் 1782-ல் ஆங்கிலேயக் கடற்படை பிரெஞ்சுக் கடற்படையை வென்றது.

க்வோ கா: பீப்பாயில் தோல் கட்டி அடிமைகள் உருவாக்கிய முரசும் அதோடு சேர்ந்த பாட்டும் ஆட்டமும். 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 

சுற்றுலாவுக்கு டிசம்பர் முதல் மே வரை உள்ள வறண்ட காலம் ஏற்றது. இந்தியாவிலிருந்து செல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குவாதலூப் பிரான்சைச் சேர்ந்தது என்றாலும் ஷெங்கன் பகுதிக்குள் வராது. பிரான்சின் கடல்கடந்த பகுதிகளுக்குச் செல்லும் விசா தனியாக வேண்டும்.

முடிவாக

2001-ல் பிரான்சு ஒரு சட்டம் இயற்றி அடிமை வணிகத்தையும் அடிமைத்தனத்தையும் மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று ஏற்றுக் கொண்டது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே தெல்கிரெஸின் பெயர் பாரிசில் நாட்டின் பெரியோர்கள் உறங்கும் பாந்தியோனில் பொறிக்கப்பட்டது. 2022-ல் சொலித்யூத்துக்கும் அதே நகரில் சிலை வைத்தார்கள்.

சிலையும் சட்டமும் வேண்டியவைதான். ஆனால் 1794-ல் எழுதிக் கொடுத்த விடுதலையை எட்டே ஆண்டுகளில் பிடுங்கிக் கொண்டதைக் கண்ட மண் அது. காகிதத்தில் எழுதிய உரிமை தானாகக் காவல் நிற்காது என்பதைத் தெல்கிரெஸ் உயிர் கொடுத்துச் சொன்னார், சிதம்பரம் இருபது ஆண்டுகள் வழக்காடிச் சொன்னார். குவாதலூப்பின் கடலும் மலையும் அழகு. அந்த வரலாற்றையும் தெரிந்து கொண்டு பார்த்தால் அந்த அழகின் விலையும் புரியும்.